வராதவர்களிடம் போய்க் கேட்டார்கள்

கோரிப்பாளையம் தேவர் சிலையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் மதுரையின் வரலாற்றில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிடலாம். ஒரு பக்கம் அமெரிக்கன் கல்லூரி, ஒரு பக்கம் தர்கா, ஒரு பக்கம் வைகைப் பாலம். பனகல் சாலையில் திரும்பினால் ராஜாஜி அரசு மருத்துவமனை. 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரைத்தான் அந்த மருத்துவமனை முதலில் தாங்கியிருந்தது. வயதில் மூத்தவர்கள் சிலர் இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் அது பெரியாஸ்பத்திரி.

அமெரிக்கன் கல்லூரியில் 1938இல் வேதியியல் பட்டம் பெற்று வெளியேறிய ஒரு கிராமத்து இளைஞர், 1956இல் அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்து எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இடைப்பட்ட காலத்தில் முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிப் போட்டிருந்தது. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அது இயலாமல் கண் மருத்துவத்துக்கு வந்தார். வழக்கமான அறுவைக் கருவிகள் அந்தக் கைக்குள் நிற்கவில்லை. தன் விரல்கள் வளைந்த விதத்துக்கு ஏற்பக் கருவிகளை மாற்றிச் செய்துகொண்டார். அந்தக் கைகளால் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஆளுக்குத் தகுந்தபடி கருவியைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தன் உடம்பிலேயே தெரிந்த உண்மை. பின்னாளில் அவர் கட்டிய எல்லாவற்றிலும் அது இருந்தது என்றே நினைக்கிறேன்.

அன்றைய கண்புரை அறுவையை இன்றைய தலைமுறைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புரை நன்றாக முற்றும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அறுவை முடிந்ததும் தலையின் இருபுறமும் மணல் பையை அணைத்து வைத்து, கண்ணைக் கட்டி, அசையாமல் படுக்கச் சொல்வார்கள். இருமக்கூடாது, குனியக்கூடாது. புரை விழுந்த லென்ஸை முழுதாக எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வைக்க எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் சோடாபுட்டிக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் பொருள்கள் கால் பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். படியில் வைத்த கால் தப்பும். டம்ளரில் ஊற்றிய காப்பி வெளியே போகும். கண்ணாடி உடைந்துபோனால், அடுத்தது வாங்கும்வரை பழைய இருட்டுதான்.

இன்று அதே அறுவை சில நிமிடங்களில் முடிகிறது. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்த உள்விழி லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி இங்கேயே தயாரித்தபோது விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இந்த மாற்றத்தைப் பற்றி உலகமெல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் என் மனத்தில் நிற்பது இதைவிடச் சிறிய, சத்தமில்லாத இன்னொரு மாற்றம்.

1960களிலேயே டாக்டர் வெங்கடசாமி கிராமங்களுக்குக் கண் முகாம்களைக் கொண்டுபோயிருந்தார். 1976இல், 58ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அரசுக் கணக்கில் அவரும் ஓர் ஓய்வூதியர். அந்த ஆண்டே அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கும். புரை இருப்பவர்களைக் கண்டுபிடித்து, அறுவை இலவசம், மதுரைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். சொன்னவர்களில் ஆறில் ஒருவர்கூட வரவில்லை.

இலவசமாகக் கொடுத்தும் வராதவர்களை அறியாமை, மூடநம்பிக்கை, கிராமத்துப் பயம் என்று எழுதி முடித்துவிடுவதுதான் அன்றைய வழக்கம். இன்றைக்கும் அந்த வழக்கம் போய்விடவில்லை. அரவிந்த் ஆட்கள் வேறு மாதிரி செய்தார்கள். அறுவை செய்துகொள்ளச் சொல்லி ஆறு மாதம் கழிந்தும் வராதவர்களில் 65 பேரைத் தேடிப்போய், ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து கேட்டார்கள்.

கிடைத்த பதில்களில் பயம் இருந்தது, ஆனால் அது முதலிடத்தில் இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவர், மங்கலாகவாவது இன்னும் தெரிகிறதே என்றார். இன்னொரு நான்கில் ஒரு பங்கினருக்குப் பயணச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. சிலரால் வீட்டை விட்டு வர முடியவில்லை. சிலருக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. அறுவை மட்டும்தான் இலவசம். அதற்கு முன்னும் பின்னும் இருந்த எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், ஆள் வேண்டும். கூலிக்குப் போகிற மகன் தாயைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தால் அத்தனை நாள் கூலியும் போகும். "பெறகு பாத்துக்கிருவோம்" என்று வயதானவர்கள் சொல்வதற்குள் இந்தக் கணக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. மகனிடம் கேட்கக் கூசுகிற தாய் அப்படித்தான் சொல்வாள்.

அந்தப் பதில்களை வைத்து மருத்துவமனை தன்னை மாற்றிக்கொண்டது. முகாம் முடிந்ததும் அங்கிருந்தே பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், மருந்து எல்லாம் சேர்த்தே இலவசமாயிற்று. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே வண்டியில் வந்து, ஒரே கூடத்தில் பாயில் படுத்து, ஒன்றாகவே திரும்பிப் போனார்கள். துணைக்கு ஆள் இல்லாத மூதாட்டிக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஊர்க்காரியே துணை. மறுபரிசோதனைக்கும் அவர்கள் மதுரைக்கு வர வேண்டியதில்லை. மருத்துவக் குழு ஊருக்கே போயிற்று. படுக்கைக்குப் பதில் பாய் என்றதும் நகரத்துக் கண்ணுக்கு அது குறையாகத் தெரியலாம். ஆனால் ஆயுள் முழுக்கத் தரையில் படுத்து எழுந்த உடம்பு, கண் கட்டிய நிலையில் உயரமான கட்டிலிலிருந்து இறங்கத் தடுமாறும். பாய் அந்த உடம்புக்குத் தெரிந்த இடம்.

பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. 1999இல் வெளிவந்த ஆய்வொன்று, தென்னிந்தியக் கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான் என்று காட்டியது. இத்தனை முகாம்களுக்குப் பிறகு வெறும் ஏழு! மற்றவர்களைத் தேடித்தான் 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் வந்தன. அந்தந்தப் பகுதியிலேயே பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பார்க்கிறார்கள். மதுரையிலோ தேனியிலோ இருக்கும் மருத்துவர் திரை வழியே நோயாளியுடன் பேசுகிறார். இப்போது அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். அன்று மருத்துவர் ஊருக்கு வரும் நாளுக்காகப் பெரியவர் காத்திருந்தார். இன்று அவர் நினைத்த நாளில், சந்தைக்குப் போகிற வழியில், நுழைந்து காட்டிவிட்டு வரலாம்.

அந்த 65 பேரில் எவரும் எந்தக் குழுவிலும் உறுப்பினராக இருக்கவில்லை. திட்டம் தீட்டும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பேருந்து, சோறு, ஊர்த் துணை என்று அந்தச் சேவையின் முக்கிய உறுப்புகள் அவர்கள் வாயிலிருந்து வந்தன. முதியவர்களைச் சேர்த்து ஒரு சேவையை வடிவமைப்பதைப் பற்றி இப்போது மாநாடுகளில் பேசுகிறார்கள். மதுரையில் அது அந்தச் சொல் இல்லாமலே நடந்தது.

அரசுப் பக்கத்துக் கதை வேறு வழியில் வந்தது. ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை தமிழகத்தில் 1962இல் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். அது 2011இல் 1,000 ஆகி, 2023இல் 1,200 ஆயிற்று. மக்கள் வாயில் அது ஓ.ஏ.பி. பணம். அன்று அது மணியார்டராக வந்தது. தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், திண்ணையில் உட்காருவார், மைப்பெட்டியை எடுத்து அவரே பெருவிரலைப் பிடித்து அழுத்தி ரேகை எடுப்பார். காசில் கொஞ்சம் காப்பிச் செலவுக்கென்று போய்விடும் என்ற குறை ஊரெங்கும் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கிழவி படுத்த படுக்கையாகிவிட்டால் தபால்காரருக்குத் தெரியும். விரல் நடுங்கினால் அவர் கை அதைத் தாங்கும். மாதத்தில் ஒரு நாளாவது அரசாங்கத்தின் பெயரால் ஒரு மனிதர் வாசலில் நின்று, எப்படி இருக்கிறீர்கள் ஆத்தா என்று கேட்டார்.

இன்று பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. இடையில் எவரும் எடுக்க முடியாது. இது பெரிய லாபம், குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பணம் வந்துவிட்டதா என்று அறிய செல்பேசியில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது பேரனைக் கேட்க வேண்டும். ஏடிஎம் வாசலில் அட்டையை ஒரு கையிலும், ரகசிய எண் எழுதிய சீட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, முகம் நல்லதாய்த் தெரிகிற யாராவது வருகிறார்களா என்று பார்த்து நிற்கும் பெரியவர்களைக் காணாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். 2017இல் பழைய குடும்ப அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 வாக்கில் கைரேகை வைத்தால்தான் பொருள் என்றாயிற்று. போலி அட்டையை ஒழிக்க அது உதவும் என்றார்கள். ஆனால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எழுபது வயதைத் தொட்ட விரல்கள் எப்படிப்பட்டவை என்று முன்கூட்டியே எவராவது பார்த்தார்களா? நாற்று நட்ட விரல், சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட விரல், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கோடெல்லாம் அழிந்த விரல். கருவியில் அந்த விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். "ரேகை விழல, கையத் துடைச்சிட்டு வையிங்க" என்பார் கடைக்காரர். சேலைத் தலைப்பில் துடைத்து வைப்பார்கள். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். வரிசை பின்னால் முனகும். ஆயுள் முழுக்க உழைத்ததற்குச் சாட்சியான அந்த விரலே, நீ நீதானா என்று சந்தேகிக்கப்படும் இடம் அது.

பிறகு கருவிழிப் பதிவு வந்தது. வர முடியாதவர்கள் வேறொருவரை நியமிக்கப் படிவம் வந்தது. 2025 ஆகஸ்டில் முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் தொடங்கி, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே அரிசியும் சர்க்கரையும் தர ஆரம்பித்தார்கள். எல்லாம் நல்ல திருத்தங்கள். ஆனால் அத்தனையும் திருத்தங்கள். நான்கு மூத்த விரல்களை முதலிலேயே அந்தக் கருவியில் வைத்துப் பார்த்திருந்தால், இடையில் அந்தச் சிவப்பு விளக்கின் முன் நின்றவர்கள் நின்றிருக்க வேண்டியதில்லை. திரும்பிப்போன நடை கணக்கில் ஏறுவதேயில்லை.

ஓய்வூதியர்களின் உயிர்ச்சான்றும் இந்த வழியில்தான் வந்தது. முன்பு ஆண்டுக்கொரு முறை கருவூலத்திலோ வங்கியிலோ நேரில் போய் நிற்க வேண்டும். 2014 நவம்பரில் கைரேகை வழியே மின்னணுச் சான்று வந்தது. ரேகை விழாதவர்களுக்காக 2021இல் முகம் காட்டிப் பதியும் வசதி சேர்ந்தது. செயலியும் கேமராவும் கைக்கு வராதவர்களுக்காக, 70 ரூபாய் கட்டணத்தில் இப்போது அஞ்சல் துறை வங்கியின் மூலம் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். வருகிறவர் யார்? தபால்காரர்தான். ஒரு கையில் கருவியோடு, அதே திண்ணைக்கு. எந்த மனிதரை இடையிலிருந்து எடுத்தார்களோ, அவரையே தேடிப்பிடித்துத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. திண்ணை இருக்கும் வீடுகள்தான் குறைந்துவிட்டன.

இந்தத் திசையில் தமிழகம் நிறையவே செய்திருக்கிறது. முதியோர் மருத்துவத்துக்கென்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு 1978இலேயே தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய டாக்டர் வி.எஸ். நடராஜனுக்குப் பின்னாளில் பத்மஸ்ரீ கிடைத்தது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024இல் திறந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறது. பெரியாஸ்பத்திரி வரிசையில் விடிகாலையே வந்து சீட்டுப் போட்டு, மாத்திரை வாங்கப் பகல் முழுக்கக் கழித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்கே தெரியும். சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கரையோரங்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொண்டு நிறுவனம் அமைத்த முதியோர் சுய உதவிக் குழுக்களில், யாருக்குக் கடன், எதற்குக் கடன் என்பதை மூத்தவர்களே கூடி முடிவு செய்தார்கள். இப்படி அவர்கள் கையிலேயே முடிவை விட்ட இடங்கள் அருமையாகத்தான் கிடைக்கின்றன.

உலகளவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. முதியோருக்கு இணக்கமான நகரங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதை நிபுணர்கள் மட்டும் கூடி எழுதவில்லை. 33 நகரங்களில் முதியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, உங்கள் ஊரில் எது நல்லது, எது தடை என்று கேட்டு எழுதினார்கள். இந்தியாவிலிருந்து டெல்லியும் உதயப்பூரும் அதில் இருந்தன. அண்டையிலுள்ள கேரளம் 2025இல் மூத்த குடிமக்கள் ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. தலைவரும் உறுப்பினர்களும் மூத்த குடிமக்களாகவே இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். முதியோர் பெருகுவதில் தமிழகமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்கு 10 பேர். 2031இல் அது 18ஐத் தொடும் என்பது அரசின் கணிப்பு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

மீண்டும் கோரிப்பாளையத்துக்கு வருகிறேன். அந்தச் சந்திப்பில் மேம்பாலத்துக்கு 2023 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். நெரிசலுக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தர்காவுக்கு வருகிறவர், பேருந்து மாறுகிறவர் எல்லோரும் கீழேதான் நடப்பார்கள். முன்பு மாட்டுவண்டியும் சைக்கிளும் போன சாலையில், கையை உயர்த்திக் காட்டினால் வண்டி நிற்கும். கடப்பவரின் வேகத்துக்குச் சாலை இசைந்தது. இப்போது சாலைக்கு ஒரு வேகம் இருக்கிறது, கடப்பவர்தான் இசைய வேண்டும். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பல நாடுகளில் பாதசாரி விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயது கடந்தவர்களை நடக்கவைத்து அளந்தபோது சராசரி ஆண்களுக்கு 0.9, பெண்களுக்கு 0.8 மீட்டர்தான் வந்தது. 18 மீட்டர் அகலமுள்ள சாலையை விளக்கு 15 நொடியில் கடக்கச் சொன்னால், அந்தச் சராசரிப் பெண்ணுக்கு 22 நொடிக்கு மேல் வேண்டும். மிச்சமுள்ள ஏழு நொடி அவர் வண்டிகளுக்கு நடுவே நிற்பார். அதுவும் அங்கே நடக்க முடிந்தவர்களின் கணக்கு. மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கப் பனகல் சாலைக்கு வருகிற கால்களின் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

அந்தக் கணக்கை எடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். புறநோயாளிச் சீட்டுக்கு வரும் பெரியவர்களை அவர்கள் போக்கில் நடக்கவிட்டு அளந்தால் ஒரு காலைப் பொழுதில் கிடைத்துவிடும். வருகிறவர்களோடு நிறுத்தவும் கூடாது. செல்லூரிலும் நரிமேட்டிலும் பீபிகுளத்திலும், இந்தச் சாலையைக் கடக்கப் பயந்தே வெளியே வருவதை நிறுத்திவிட்டவர்கள் இருப்பார்கள். மாத்திரை கொடுக்க அவர்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பெண் பணியாளர் போய்க்கொண்டிருக்கிறார். எங்கே போவதை நிறுத்திவிட்டீர்கள், எதனால் நிறுத்தினீர்கள், என்ன இருந்தால் மறுபடி போவீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் அவரே கேட்டுக் குறித்து வரலாம். அந்தப் பணிக்கு அவருக்குத் தனி ஊதியம் தர வேண்டும். அந்தத் தாள்கள் மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் போய்ச் சேர வேண்டியது, நடைபாதைக்கும் விளக்குக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு.